பாஸ்டர் விழுந்தால் பிசாசைக் கட்டி ஜெபித்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

பிசாசின் செயலைக் கட்டி ஜெபிக்கும் ஆவிக்குரிய போராட்டத்தையும் ஊழியக்காரர்களின் ஒழுக்கத் தவறையும் முடிச்சுப் போட்டு வந்த கேள்விகளை இந்தத் தடவை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பெயர், ஊர், சபை எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் பாஸ்டருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது வெளியே வந்துவிட்டது. மூப்பர்கள் "இது ஊழியத்தின் மேல் சத்துரு தொடுத்த யுத்தம்" என்று 21 நாள் உபவாச ஜெபம் அறிவித்திருக்கிறார்கள். போகலாமா?

போங்கள், ஜெபிக்க வேண்டாம் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன். ஆனால் விசாரணை எப்போது, யார் விசாரிப்பார்கள் என்று அங்கேயே கேளுங்கள். "சர்ப்பம் என்னை வஞ்சித்தது" என்று ஏவாள் சொன்னது பொய் இல்லை, உண்மையிலேயே வஞ்சித்ததுதான். அதற்காக அவளையோ ஆதாமையோ தேவன் சும்மா விட்டுவிடவில்லையே. "அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்" என்று எழுதிய யாக்கோபு அந்த வசனத்தில் பிசாசின் பெயரையே எடுக்கவில்லை. எபேசியர் 6-ஐ எடுத்துப் போராட்டம் போராட்டம் என்கிறோம், அதே நிருபத்தின் 4-ம் அதிகாரத்தில் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்று பவுல் சொல்வது எதற்கு நடுவில் என்று பாருங்கள்: பொய், கோபம், திருட்டு. பிசாசுக்குக் கதவு திறப்பது இந்தச் சாதாரண விஷயங்கள்தான்.

டெட் ஹேகார்ட் கதை தெரியுமா? அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பெரிய சபையை நிறுவியவர். ஒரு நகரத்தை எந்த ஆவி ஆளுகிறது என்று கண்டுபிடித்து அதை எதிர்த்து ஜெபிக்கும் முறை 1990-களில் பரவியதே, நம் ஜெபக் கூட்டங்கள்வரை வந்ததே, அதன் முன்னணித் தலைவர் பீட்டர் வாக்னரோடு சேர்ந்து அங்கே உலக ஜெப மையத்தை உருவாக்கியவரும் இவர்தான். இவாஞ்சலிக்கல் சபைகளின் தேசியச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 2006 நவம்பரில், தன்னிடம் பணம் கொடுத்து உறவு வைத்துக்கொண்டார் என்று ஓர் ஆண் வெளியே சொன்னதும் எல்லாம் சரிந்தது. சபையில் வாசிக்கப்பட்ட கடிதத்தில், தான் ஒரு வஞ்சகன், பொய்யன் என்றும், தன் வாழ்க்கையின் இருண்ட ஒரு பகுதியோடு பெரியவனான நாளிலிருந்தே யுத்தம் செய்துவந்ததாகவும் எழுதினார். ஊருக்கு மேலே இருக்கும் ஆவிகளை எதிர்க்க இத்தனை பேரைத் திரட்டியவர், தன்னோடு நடந்த யுத்தத்தை மட்டும் ரகசியமாக வைத்திருந்தார். தோற்றது அந்த ரகசியத்தில்தான் என்பது என் கருத்து.

கேள்வி: "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வசனம் இருக்கிறதே?

இருக்கிறது, சங்கீதம் 105:15. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஊர் ஊராகப் பரதேசிகளாய்த் திரிந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் தடுத்தார் என்பதுதான் அங்கே பேச்சு. பலமில்லாதவனைக் காத்த வசனத்தை மைக் பிடித்தவன் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்துக்கொள்கிறான்! தாவீது சவுலைக் கொல்லவில்லை, சரி. ஆனால் சவுல் செய்ததை அவன் படைக்கு முன்பாகவே உரக்கக் கேட்டானே. மூப்பன்மேல் இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் பிராது எடுக்காதே என்று எழுதிய பவுல் அடுத்த வசனத்திலேயே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறார் (1 தீமோத்தேயு 5). முதல் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அவர் ஜெபித்து என் அம்மா சுகமானார். பிசாசுகள் ஓடியதை நானே பார்த்தேன். அதெல்லாம் பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அசுத்த ஆவிகளைத் துரத்த அதிகாரம் பெற்ற பன்னிரண்டு பேரில் யூதாசும் ஒருவன். உங்கள் அம்மாவின் சுகத்துக்கு தேவனுக்கு நன்றி சொல்லுங்கள், அந்த மனிதருக்கு நற்சான்றிதழாக அதை நீட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு நடந்ததை வெளியே சொன்னால் ஆத்துமாக்கள் இடறிப்போகும், சத்துரு சந்தோஷப்படுவான் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

சகோதரி, இதே வாக்கியத்தை உங்களுக்கு முன்பும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். நம் சென்னையில் பிறந்து, உலகம் முழுவதும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சகரியாஸ் 2020 மே மாதம் இறந்தார். அவருடைய நிறுவனமே நியமித்த வழக்கறிஞர் குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தபோது, மசாஜ் செய்ய வந்த பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் தெரிந்தது. அவர்களில் ஒருவர் சொன்னது: நீ வாய் திறந்து என் பெயர் கெட்டால், லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழப்பதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் மிரட்டினாராம். அதற்கு முன் 2017-லேயே வேறொரு பெண் புகார் சொன்னபோது நிறுவனம் அவர் பக்கமே நின்றது.

உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதை வாசித்துப் பாருங்கள் (2 சாமுவேல் 12). கர்த்தருடைய சத்துருக்கள் தூஷிக்கக் காரணமானவன் நீ என்று ராஜாவைப் பார்த்துத்தான் சொல்கிறான். பத்சேபாளைப் பார்த்துச் சொல்லவில்லை, விஷயத்தை வெளியே கொண்டுவந்த நாத்தானும் தன்மேல் பழி போட்டுக்கொள்ளவில்லை. சத்துரு சந்தோஷப்படுவது நீங்கள் பேசும்போது அல்ல. உங்களுக்கு "யேசபேல் ஆவி" (ஆண்களை மயக்கிக் கெடுக்கும் ஆவி) என்று பட்டம் கட்டுவார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நாத்தானின் உவமையில் பத்சேபாள் பணக்காரன் பறித்துக்கொண்ட ஏழையின் ஆட்டுக்குட்டி, மயக்கியவள் அல்ல.

சட்டமும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், "சபைக்குள் பேசி முடிப்போம்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. கட்டி ஜெபித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் போன் பண்ணுங்கள்.

கேள்வி: மனந்திரும்பிவிட்டார், அழுதார். மறுபடி பிரசங்கிக்க விடுவதுதானே கிருபை?

மன்னிப்பு வேறு, மேடை வேறு. "குற்றஞ்சாட்டப்படாதவன்" என்பது கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவனுக்கு, சொன்ன தகுதி, பரலோகத்துக்குச் சொன்ன தகுதி இல்லை. அமெரிக்க டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், ஒரு பாலியல் தொழிலாளியோடான தொடர்பு வெளியே வந்ததும், 1988 பிப்ரவரியில் டிவியில் கண்ணீர்விட்டதை உலகமே பார்த்தது. முந்தின வருடம் இன்னொரு டிவி பிரசங்கியார் ஜிம் பேக்கர் விழுந்தபோது அவரைக் கிறிஸ்துவின் சரீரத்தில் புற்றுநோய் என்றவரும் இவர்தான். அவருடைய சபைப் பிரிவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் ஒரு வருடம் பிரசங்கிக்காதீர்கள் என்றது. முடியாது என்றார், ஊழிய அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள், சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார். 1991-ல் கலிபோர்னியாவில் மறுபடியும் ஒரு பாலியல் தொழிலாளியோடு காரில் போலீசிடம் சிக்கினார். அழுகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; ஒழுங்கு நடவடிக்கைக்கு அடங்குகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: நான் இளம் போதகர். விழாமல் இருக்க என்ன செய்வது?

ஜெபம், வேதம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதலை ஜெபம் என்று ஒரு பெண்ணோடு அறைக்கதவைச் சாத்தாதீர்கள், மனைவியோ ஒரு மூத்த சகோதரியோ கூட இருக்கட்டும். காணிக்கைக் கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று உங்கள் உறவினருடையதாக இருக்கக் கூடாது. உங்கள் சபையைச் சேராத, உங்களிடம் சம்பளம் வாங்காத ஒருவர், இந்த மாதம் போனில் என்ன பார்த்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கும் உரிமையோடு இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இப்போது இல்லை என்றால், அடுத்த உபவாசத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் அவரைத் தேடுங்கள்.