கிரீம் பூசியும் சொறி திரும்ப வருவது ஏன்?

கேள்வி: எனக்கும் ஐந்து வயது மகனுக்கும் ராத்திரியானால் விரலிடுக்கிலும் இடுப்பிலும் தாங்க முடியாத அரிப்பு. ஸ்கேபிஸ் (தோலைக் குடையும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறி) என்று, அந்தப் பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் எழுதிக்கொடுத்தார்கள். அரிக்கும் இடங்களில் பூசினோம், குறைந்தது. மூன்றே வாரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. கணவருக்கும் எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் ஒன்றுமில்லை. மருந்தை மாற்றலாமா?

பதில்: மருந்து சரிதான், பூசிய விதம்தான் தப்பு. அரிக்கும் இடமும் பூச்சி இருக்கும் இடமும் ஒன்றல்ல. தோலின் மேலடுக்கைக் குடைந்து முட்டையிடும் இந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரணமாக ஒருவர் உடம்பில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். உடம்பெல்லாம் தடிப்பது அதன் கழிவுக்கு ஏற்படும் ஒவ்வாமை. அந்த ஒவ்வாமை உருவாகவே முதல்முறை 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் உங்கள் கணவருக்கு அரிக்கவில்லை என்பதை வைத்து அவருக்குத் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது.

நால்வரும் ஒரே ராத்திரியில் பூசுங்கள். வெந்நீரில் குளித்த கையோடு வேண்டாம். உடம்பு ஆறி, ஈரம் காய்ந்திருக்க வேண்டும். தாடையிலிருந்து உள்ளங்கால்வரை ஓரிடம் விடாமல் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போகிறவை: தொப்புள், மார்பின் அடிமடிப்பு, பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு, கால்விரலிடுக்கு, நகத்தின் அடி. நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பல்துலக்கியால் நகத்தடியில் கிரீமைத் தேய்த்துவிட்டு அதைத் தூக்கிப்போடுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் வேண்டியிருக்கும். ஒரு டியூபை வீடே பங்குபோட்டால் யாருக்கும் போதாது.

கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்து முகம், தலையிலும் பூச வேண்டும். கையை நக்காமலிருக்க உறை மாட்டுங்கள். பால் கொடுக்குமுன் மார்பைக் கழுவி, கொடுத்தபின் மறுபடி பூசுங்கள். இரவில் கை கழுவினாலும் அப்படியே. 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். முட்டைகள் தப்பியிருக்கலாம் என்பதால் ஏழு நாள் கழித்து எல்லோரும் இன்னொரு முறை பூச வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, விரிப்பு, துண்டுகளைப் பூசிய மறுநாள் காலையே 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் இறுகக் கட்டிவையுங்கள். உடம்பை விட்டு விலகிய பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வீட்டில் மருந்தடிப்பது வீண் வேலை.

பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். அதற்குப் பயந்து தினமும் பெர்மெத்ரின் பூசினால் அதுவே எரிச்சலூட்டும். நான்கு வாரம் தாண்டியும் அரித்தாலோ புதிதாகப் புள்ளிகள் வந்தாலோ மீண்டும் காட்டுங்கள். அக்குளிலும் பிறப்புறுப்பிலும் தடித்த முடிச்சுகள் மாதக்கணக்கில் நிற்கலாம். அதை மட்டும் வைத்துப் பூச்சி இன்னும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள்: அரிப்பு அடங்கிவிடும், பூச்சி பெருகும்.

இதே பூச்சிக்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரையை எடைக்குத் தக்கபடி மருத்துவர்தான் தர வேண்டும். 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் நாள் கடத்தாதீர்கள். பையனுக்கு முகம் வீங்கினாலோ சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். புண்ணிலிருக்கும் கிருமியால் சிறுநீரகம் பாதிக்கப்படுவது உண்டு.