பிராக்டிகத்துக்குப் போகிறவர்களுக்கு: வகுப்பறைத் தொழில்நுட்பம், கேள்வி பதில்

பினாங்கில் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிராக்டிகம் (கற்பித்தல் பயிற்சி) போகும் பயிற்சி ஆசிரியர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். பெற்றோரும் சேர்ந்து அனுப்பிவிட்டார்கள். நான் வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், கணினிக் கழகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், பயிற்சி ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். இந்த எல்லைக்குள் வருவதற்குப் பதில் உண்டு. ஸ்மார்ட் போர்டு பழுது, இடமாற்றம், சம்பளம் எல்லாம் என் துறை அல்ல.

பாயான் லெப்பாஸ், பயிற்சி ஆசிரியை: டீச்சர், பாடத்தில் குவிசிஸ் என்ற வினாடிவினாச் செயலியைப் பயன்படுத்தினேன். பிள்ளைகள் நன்றாக ஈடுபட்டார்கள். ஆனால் பாடம் முடிந்தபின் எழுதும் என் சிந்தனை மீட்சியைப் படித்த விரிவுரையாளர் “ஆழமில்லை” என்று திருப்பிவிட்டார். என்ன எழுதுவது?

என்ன எழுதியிருப்பீர்கள் என்று பார்க்காமலே சொல்கிறேன்: “25 மாணவர்களில் 20 பேர் நோக்கத்தை அடைந்தனர். எஞ்சியோருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. தொழில்நுட்பப் பயன்பாடு மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டியது.” சரிதானே? நாட்டில் பாதி நாள் பாடத்திட்டங்களின் அடியில் இதுதான் இருக்கிறது.

விளையாட்டு முடிந்ததும் முதல் மூன்று பேருக்குக் கைதட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். கேள்வி வாரியான அறிக்கை ஒன்று அதில் வரும், அதைத் திறங்கள். உதாரணத்துக்கு வலிமிகும் இடம் நடத்தினீர்கள் என்று வையுங்கள். “தமிழைப் படித்தான்” எல்லாருக்கும் சரி, “தமிழ் படித்தான்” வரும் இடத்தில் பாதிப் பேர் ‘ப்’ போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் இரண்டாம் வேற்றுமை உருபைப் பார்க்கவே இல்லை. ‘படித்தான்’ வந்தால் ஒற்று போடுவது என்று பழகியிருக்கிறார்கள். இதை எழுதுங்கள். நாளைக்கு உருபு உள்ள வாக்கியத்தையும் இல்லாத வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போவதாக எழுதுங்கள். அப்புறம் நேரக் கணக்கு. வேகமாகத் தொடுகிறவனுக்குக் கூடுதல் புள்ளி கிடைத்தால், நிதானமாக வாசிக்கிற பிள்ளை ஊகித்துத் தொடும். இலக்கணப் பாடத்தில் நேரத்தை அணைத்துவிட்டு நடத்துங்கள், விடைகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால் அதுவும் உங்கள் சிந்தனை மீட்சிக்குள் போகலாம்.

செயலியின் பெயர் அதில் ஒரு தடவை வந்தால் போதும். பிள்ளை எங்கே தடுக்கினான் என்பதுதான் வர வேண்டும்.

பட்டர்வொர்த், பயிற்சி ஆசிரியர்: தமிழ்ப் பாடத்துக்கு எந்தச் செயலி சிறந்தது?

பாடநோக்கம் என்ன என்று நீங்கள் சொல்லவில்லையே. சொன்னால் பேசலாம்.

கெப்பாலா பத்தாஸ், பயிற்சி ஆசிரியை: கோட்பாட்டுப் பகுதிக்கு எஸ்.ஏ.எம்.ஆர். போதுமா, டிபேக்கும் வேண்டுமா?

வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்கப் புவெந்தெதுரா தந்த எஸ்.ஏ.எம்.ஆர். மாதிரியில் நான்கு படி: பழையதற்குப் பதிலாக வைப்பது, கொஞ்சம் மேம்படுத்துவது, வேலையையே மாற்றுவது, முன்பு முடியாததைச் செய்வது. மேல் படிக்கு ஏறினால்தான் நல்ல பாடம் என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அதிகம். முதல் படியிலேயே நல்ல பாடம் நடத்தலாம். மிஷ்ராவும் கேலரும் 2006இல் முன்வைத்த டிபேக், பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றும் சந்திக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு அதுதான் உதவும்.

கூடவே கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் எழுதியதையும் தேடிப் படியுங்கள். மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரியால் நம் உடம்பு தேறுவதில்லை, ஊடகமும் அந்த லாரி மாதிரிதான் என்றார். கோஸ்மா என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்தார். 1994இல் இருவரும் மறுபடி மோதிக்கொண்டார்கள். எனக்கு முக்கால்வாசி கிளார்க் பக்கம்தான்.

ஆயர் ஈத்தாம், பெற்றோர்: எங்கள் பள்ளிக்குப் புதுத் திரையெல்லாம் வருகிறது. இனிமேல் தரம் உயருமா டீச்சர்?

வரலாற்றைப் பாருங்கள் ஐயா. 1999இல் 88 பள்ளிகளில் ஸ்மார்ட் பள்ளித் திட்டம் முன்னோடியாகத் தொடங்கியது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், குறுந்தட்டு எல்லாம் வந்தன. அடுத்து பள்ளிகளுக்கு இணையம் தரும் 1பெஸ்தாரிநெட் திட்டம், 2019இல் முடிந்தது. 2020இல் டெலிமா என்ற இணையவழிக் கற்றல் தளம். ஒவ்வொரு தடவையும் பெட்டி முதலில் வந்தது, அதை வைத்து என்ன நடத்துவது என்ற பேச்சு பின்னால் வந்தது. திரை வரட்டும், நல்லதுதான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் “இதில் போன வாரம் என் பிள்ளை என்ன செய்தான்?” என்று கேளுங்கள்.

நிபோங் திபால், பயிற்சி ஆசிரியர்: பழைய பயிற்சித்தாள் ஒன்றைத் திறந்தால் எல்லாம் கிறுக்கலாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியது. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிச் சேமியுங்கள். எல்லாருக்கும் சொல்கிறேன்: புதிதாக எதையும் பழைய எழுத்துருவில் தட்டாதீர்கள்.

ஜெலுத்தோங், கணினித் துறை, இரண்டு பிள்ளைகளின் அப்பா: பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். எதற்கு இந்தச் சுமை? என் மகள் ஆங்கில எழுத்தில் ‘ammaa’ என்று தட்டினால் ‘அம்மா’ வந்துவிடுகிறது.

இதற்காகத்தான் காத்திருந்தேன். உங்கள் மகள் ‘palli’ என்று தட்டிப் பார்க்கட்டும். இப்படி ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையில் ‘பல்லி’ வரும். பள்ளிக்கு ஷிப்டு அழுத்த வேண்டும். மனமும் மணமும் அப்படியே. “நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்” என்ற கட்டுரை என் மேசைக்கு வந்திருக்கிறது. தமிழ்99இல் ளகரத்துக்குத் தனி விசை, லகரத்துக்குத் தனி விசை. எது வேண்டும் என்று தெரிந்துதான் கை போக முடியும்.

இன்னொன்று. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: 31 விசை தெரிந்தால் 247 எழுத்தும் கைக்குள். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. ‘அம்மா’ வந்துவிடும், புள்ளி தானாக விழும். ங, க அடுத்தடுத்து அழுத்தினால் ‘ங்க’. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு உயிர்மெய் எப்படி உருவாகிறது என்பதை விசைப்பலகையே காட்டிக் கொடுக்கிறது.

ஜெலுத்தோங், மறுபடி: இப்போது யாரும் அஞ்சலைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவதில்லை டீச்சர். ‘palli’ அடித்தால் கைப்பேசி பல்லி, பள்ளி இரண்டையும் நீட்டும். பிள்ளை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். அதுவும் வாசிப்புப் பயிற்சிதானே? ரூமி (ரோமன்) எழுத்து எப்படியும் தெரியும். புது விசைப்பலகை என்றால் பாதிப் பிள்ளைகள் தமிழில் தட்டுவதையே விட்டுவிடுவார்கள்.

கடைசி வரி நியாயம், ஒப்புக்கொள்கிறேன். தமிழில் தட்டாமல் இருப்பதைவிட எப்படித் தட்டினாலும் மேல். புலனத்தில் (வாட்ஸ்அப்) பாட்டிக்குச் செய்தி அனுப்ப அஞ்சல் போதும். ஆனால் பரிந்துரையில் முதலில் நிற்கும் சொல்லையே பிள்ளை தொடுவாள், அதுதான் பழக்கம். பிழையைத் திருத்துகிற வேலையைக் கருவி செய்தால் பிள்ளை எதைக் கற்றாள்?

பாகான் டாலாம், பயிற்சி ஆசிரியை: குறுக்கிடுகிறேன் டீச்சர். அஞ்சல், தமிழ்99 இரண்டையும் உருவாக்கிப் பரப்பியது நம் நாட்டு முத்து நெடுமாறன்தானே?

பாதி சரி. முரசு அஞ்சல் மென்பொருளும் செல்லினம் கைப்பேசிச் செயலியும் அவருடையவை, அஞ்சல் முறை அங்கிருந்து வந்தது. தமிழ்99 தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தரம். செல்லினத்தில் இரண்டும் இருக்கின்றன, ஆகவே சண்டை எங்களுக்குள்தான்.

ஜெலுத்தோங், மூன்றாம் தடவை: அப்படியென்றால் குரல் தட்டச்சு? பேசினால் போதும், ல ள ழ எல்லாம் சரியாக வருகிறது.

ஐயா! பிள்ளை ‘வாளைப்பளம்’ என்று சொன்னாலும் ‘வாழைப்பழம்’ என்று எழுதிக் காட்டுகிற கருவியை வைத்து உச்சரிப்பு எப்படிச் சொல்லித் தருவது? கை வராத பிள்ளைக்கு, எழுதச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அது வரம்தான். மற்றவர்களுக்கு இப்போது வேண்டாம். முதலாம் ஆண்டில் எந்த விசைப்பலகையும் வேண்டாம், பென்சில்தான். இதோடு இந்தச் சண்டையை நிறுத்திக்கொள்வோம், ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம், பயிற்சி ஆசிரியர்: எந்தச் செயலி நல்லது டீச்சர்?

பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்னதுதான்.

ஜார்ஜ் டவுன், பயிற்சி ஆசிரியை: வீட்டுப்பாடம் முழுவதையும் கூகுள் வகுப்பறையில் கொடுக்கலாமா?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு நடந்ததை மறந்துவிட வேண்டாம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அண்ணன் பாடம் முடிந்து தங்கைக்குக் கிடைக்கும்போது இரவு. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சி வந்ததே, எல்லா வீட்டிலும் இணையம் இல்லை என்பதாலும்தான். முதலில் வகுப்பில் ஒரு தாள் கொடுத்து, வீட்டில் என்ன கருவி, எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். பெற்றோருக்குக் கூச்சம் வராதபடி கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு இல்லையென்றாலும் அதே வேலைக்குத் தாள் வடிவம் தயாராக இருக்கட்டும்.

பாலேக் பூலாவ், பயிற்சி ஆசிரியர்: பாடம் நடத்துவதை டிக்டாக்கில் போட்டால் தொகுப்பேட்டில் சேர்க்கலாமா?

பிள்ளைகள் முகம் தெரிந்தால் கூடாது. உங்கள் கை, வெண்பலகை, பிள்ளைகளின் பெயர் மறைத்த எழுத்து வேலை, இவை போதும். டிக்டாக் கணக்குக்கே 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பது.

பட்டர்வொர்த், மறுபடி: சாட்ஜிபிடியிடம் சிந்தனை மீட்சி எழுதச் சொல்லலாமா?

அது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்ததா?

சுங்கை டுவா, பயிற்சி ஆசிரியை: மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாளில் இணையம் போய்விட்டால் என்ன செய்வது? பயமாக இருக்கிறது.

முதல் நாளே இணையத்தை அணைத்துவிட்டு முழுப் பாடத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். காணொளியை இறக்கி மடிக்கணினியிலேயே வையுங்கள், படவில்லைகளைப் பி.டி.எஃப். ஆகவும் வையுங்கள். தமிழ் எழுத்துரு வேறு கணினியில் கலைந்துபோகாமல் இருக்க அதுவே வழி. குவிஸ் கேள்விகளை அட்டையில் எழுதி நான்கு நிறத்தில் விடையட்டை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் தூக்கிக் காட்டினால் யார் எதைத் தொட்டார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். சிலசமயம் செயலியைவிடச் சீக்கிரமாக. லைன் போனால் பதற்றப்படாமல் அட்டையை எடுங்கள். அதையும் அன்றைய சிந்தனை மீட்சியில் எழுதலாம்.

தாசேக் குளுகோர், பயிற்சி ஆசிரியர்: டீச்சர், நல்ல செயலி ஒன்று...

தம்பி, மேலே போய்ப் படியுங்கள்.