சித்திரையில் சும்மா கிடக்கும் காடு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. தை மாதம் சோளத்தட்டு அறுத்ததோடு சரி, அதன்பின் அப்படியே கிடக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு முன் ஒருமுறை உழுதால் போதும், இப்போது டிராக்டருக்குக் கொடுப்பது வீண் செலவு என்கிறார் என் கணவர். சித்திரையிலேயே உழுதாக வேண்டும் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? (வாசகி, பல்லடம் வட்டம்)

பதில்: மாமனார் சொல்வதே சரி, ஆனால் நாளைக்கே டிராக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. இறுகிக் காய்ந்த நிலத்தில் கலப்பையைப் போட்டால் கட்டி கட்டியாகப் பெயருமே தவிர உழவு ஆழமாக இறங்காது. டீசலும் நேரமும்தான் கூடும். ஒரு நல்ல கோடை மழை பெய்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கி, கையில் எடுத்த மண் பிசுபிசுவென்று ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும் பதம் வந்ததும் உழுதுவிடுங்கள். இந்த வெயிலில் அந்தப் பதம் இரண்டு மூன்று நாளைக்கு மேல் நிற்காது என்பதால், டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் ஊரே அவரைத் தேடும்.

சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வரப்பாக நின்று, அடுத்த மழைநீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும். புரண்டு மேலே வந்த கோரைக் கிழங்கு வெயிலில் காய்ந்து சாகும். நிலக்கடலை போடும் காடாக இருந்தால் இன்னொரு பலனும் உண்டு. சிவப்புக் கம்பளிப் புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள்தான் கோடையைக் கழிக்கின்றன. உழும்போது அவை வெளியே வந்துவிட, டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து வரும் கொக்கும் மைனாவும் அவற்றைப் பொறுக்கித் தின்றுவிடும். ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகச் சுண்டும்படி உழுது காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்று ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ எனத் தொடங்கும் குறளில் வள்ளுவர் சொல்கிறார். எருவைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வருடா வருடம் சோளம் விளைந்து சத்தை இழுத்த மண்ணுக்குத் தொழுவுரம் வேண்டும்.

உங்கள் கணவரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வரப்பு உடைந்து கிடக்கும் காட்டை உழுது போட்டால், ஒரே பெருமழையில் மேல்மண் அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் ஆகும் என்றால் வரப்பை முதலில் சரிசெய்யுங்கள். ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். அது மாவாக்கிவிட்ட மண் மழைத்துளி பட்டதும் மேலே ஏடு கட்டிக்கொண்டு நீரை உள்ளே விடாது. கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ போதும்.

கேள்வி: செம்மறி ஆடுகளைக் காட்டில் அடைத்துப் பட்டி போடுவதை உழவுக்கு முன் வைத்துக்கொள்ளலாமா, பின்னா? (வாசகர், காங்கேயம்)

பதில்: முன்னால். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் திறந்து கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். பட்டியை இடம் மாற்றியவுடன் அந்த இடத்தை மேலாகக் கீறி மூடிவிடுங்கள்.

கேள்வி: போன வாரம் பெய்த மழையில், அறுத்துவிட்ட சோளக் கட்டைகள் மறுபடி துளிர்த்து முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. தீவனத் தட்டுப்பாடான இந்தச் சமயத்தில் மாட்டை அதில் மேயவிடலாமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: விடாதீர்கள். இளம் சோளப் பயிரிலும், அதைவிட அதிகமாக மறுதாம்புத் துளிரிலும், மாட்டின் வயிற்றுக்குள் போனதும் ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும் பொருள் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில் அது இன்னும் கூடும். பசித்த மாடு அவசரமாக மேயும்போது சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி, தள்ளாடி விழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோவதும் உண்டு. வாயும் கண்ணின் உட்பக்கமும் வழக்கத்துக்கு மாறாக நல்ல சிவப்பாகத் தெரிவது இதன் அடையாளம். மாற்று மருந்தான சோடியம் தயோசல்பேட்டை ஊசி வழியாக உடனே செலுத்த வேண்டியிருப்பதால், கைவைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

அந்தத் துளிரை வீணாக்கவும் வேண்டாம். பூவெடுக்கும் வரை வளரவிட்டு, அறுத்து, நன்றாகக் காயவைத்த பிறகு தட்டாகப் போட்டால் பயமில்லை. அதுவரை உங்கள் பக்கத்துக் கொரங்காடுகள், அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடுகள், இருக்கின்றன. கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடந்தாலும் மாடு அதை விரும்பித் தின்னும். வெள்வேல மரத்துக் காய்களை உலுக்கிப் போட்டால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். மேய்ச்சலை வெயில் ஏறுவதற்கு முன்னும் சாய்ந்த பின்னும் வைத்துக்கொண்டு, தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். வெயிலில் கொதித்த தண்ணீரை மாடு மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், பிறகு பால் குறைகிறதே என்று நாம் தவிட்டைக் கூட்டிக்கொண்டிருப்போம்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் வருவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தென்னைகளை ஆடி வரை எப்படிக் காப்பாற்றுவது? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதைவிட, விட்ட தண்ணீரை எப்படிக் காப்பது என்று பாருங்கள். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, அதில் சுமார் 100 தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கும்படி கவிழ்த்து அடுக்குங்கள். மட்டை கிடைக்காவிட்டால் தென்னைநார்க் கழிவை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். விழுந்த ஓலைகளையும் எரிக்காமல் அங்கேயே போடுங்கள். தண்ணீரை அந்தி சாய்ந்த பிறகு, தண்டின் அடியில் தேங்காமல் பாத்தி முழுவதும் பரவும்படி விட வேண்டும். இருக்கிற தண்ணீரை ஒரே நாளில் எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, நாளுக்குச் சில மரங்கள் என்று முறை வைத்து வேர் நனைய விடுவதே பலன் தரும்.