பெரிய மனிதர்களின் ரகசியங்களை உடைக்கும் சுயசரிதையை, வெளிவரும் முன்பே தடுக்க முடியுமா?

பதவியில் இருப்பவர்கள் "என் மானம் போய்விடும்" என்று சொல்லி முன்கூட்டியே தடுக்க முடியாது. இதை உறுதி செய்த தீர்ப்பு ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடுத்த வழக்கில் வந்தது.

ஆட்டோ சங்கரை நினைவிருக்கும். திருவான்மியூர் பக்கம் ஆட்டோ ஓட்டி, சாராயம், பாலியல் தொழில் என்று வளர்ந்து, ஆறு கொலைகளுக்காக 1991-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். செங்கல்பட்டு கிளைச் சிறையில் அவர் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதியதாகவும், வக்கீல் மூலம் தங்களிடம் வந்ததாகவும் நக்கீரன் தரப்பு சொன்னது. தன்னோடு நெருக்கமாக இருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைப் பற்றியும் அதில் எழுதியிருந்தாராம். தொடர் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், 1994 ஜூனில் சிறைத்துறை ஐ.ஜி. கடிதம் அனுப்பினார்: எல்லாம் பொய், அது கைதி எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை.

ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. அவதூறு வரும் என்ற பயத்தில் அச்சுக்கு முன்பே தடைபோட அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் இடமில்லை, வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். அப்போதும், அதிகாரி தன் பதவி சார்ந்து செய்த காரியம் என்றால், எழுதியவர் நியாயமான அளவுக்கு விசாரித்துவிட்டுத்தான் எழுதினார் என்று காட்டினால் போதும். உண்மையைக் கொஞ்சமும் மதிக்காமல் எழுதியிருந்தால்தான் சிக்கல்.

பத்திரிகைக்காரர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு மறுபாதியும் அதே அளவு முக்கியம். ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும், நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது அதே தீர்ப்பு. நீதிமன்றப் பதிவேட்டில் உள்ளதை எழுதத் தடையில்லை. ஆனால் பாலியல் வன்கொடுமைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை அங்கிருந்துகூட எடுத்துப் போடக் கூடாது. சங்கர் மாதிரி ஒருவரின் கதையில் அந்தப் பெண்கள் எத்தனை பேர் வந்துபோவார்கள், யோசித்துப் பாருங்கள்! அவர்கள் தரப்பைக் கேட்டு யாரும் தொடர் போடப் போவதில்லை.

சரி, நீங்களே சுயசரிதை எழுதுகிறீர்கள் என்றால், லஞ்சம் வாங்கிய அதிகாரியைப் பற்றித் தைரியமாக எழுதுங்கள், கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு. பழைய காதலியைப் பற்றி என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள்.