மாரடைப்புக்குப் பிறகு மறுபடியும் ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பல வருடங்களாக ஓடுகிறேன், அரை மாரத்தானும் ஓடியிருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். இப்போது தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. வாட்ச்சில் நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டுவதே இல்லை. இனி ஓடலாம்தானே? வீட்டில் ஓடவே கூடாது என்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் ஓட முடியும். ஆனால் அந்த 110-ஐ நம்பி ஓடாதீர்கள். மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை தருவோம். உங்கள் சீட்டிலும் இருக்கிறதா பாருங்கள். நாடித்துடிப்பை ஏறவிடாமல் வைப்பதுதான் அதன் வேலை. அதனால் இதயம் முழு மூச்சாக உழைக்கும்போதும் வாட்ச் சின்ன எண்ணையே காட்டும். அதிகபட்ச நாடித்துடிப்பைத் தெரிந்துகொள்ள 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கும் இப்போது உங்களுக்குப் பொருந்தாது. அதற்காக மாத்திரையை ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அது ஆபத்து.

நடக்கும்போது தொந்தரவு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் மெதுவான ஓட்டத்துக்கே வேக நடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் தேவை. அந்தப் பளுவை உங்கள் இதயம் தாங்குமா என்பதை டாக்டர் முன்னிலையில் டிரெட்மில்லில்தான் பார்க்க வேண்டும், தெருவில் அல்ல. வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டே அந்த டெஸ்டைச் செய்யலாமா என்று முன்கூட்டிக் கேளுங்கள். அப்படிச் செய்தால்தான் எந்த அளவு நாடித்துடிப்பு உங்களுக்குப் பாதுகாப்பு என்று தெரியும். எக்கோவும் எடுங்கள், இதயம் எவ்வளவு பலமாகப் பம்ப் செய்கிறது என்று அதில் தெரியும். அப்புறம் ஒரு கேள்வி, பலர் கேட்க மறந்துவிடுவது: வேறு ரத்தக்குழாயில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா?

இதெல்லாம் சரியாக இருந்தால் தொடங்கலாம். பத்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் மெதுவான ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறேழு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு உடைந்தால் வேகம் அதிகம். முதல் சில வாரங்கள் வேகத்தைத் தொடவே வேண்டாம், ஓடும் நிமிடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முடிக்கும்போது சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் கால்களில் தங்கி, பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். இந்த மாத்திரைகளோடு அது இன்னும் எளிதாக வரும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஓட்டக்காரர்களின் பழக்கம்தான். வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடிப்பீர்கள். அது முழங்கால் வலிக்குச் சரியாக இருந்திருக்கலாம். இனி மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு என எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால், சொல்லித்தந்தபடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ்தான். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. போனைக் கையோடு எடுத்துப் போங்கள், முதலில் சில நாட்கள் துணையோடு ஓடுங்கள். காய்ச்சல் இருந்தால் ஓடவே வேண்டாம்.

ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் அல்லது டிகாக்ரெலார் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் எளிதில் உறையாது. விழுந்து தலையில் அடிபட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரண்டு தொடைகளிலும் காரணமில்லாமல் வலித்தாலோ சிறுநீர் கருத்துப்போனாலோ ஓட்டத்தால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையாலும் அப்படி வரலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். டிரெட்மில் டெஸ்ட் முடிவைக் கேட்கப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள், அவர்களுடைய கேள்விகளை அவர்களே கேட்கட்டும். அரை மாரத்தானைப் பொறுத்தவரை, மாரடைப்பு வந்து ஒரு வருடம் முடியும்வரை எதற்கும் பெயர் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதன்பிறகும் உங்கள் இதய மருத்துவர் புதிதாகப் பரிசோதித்துச் சொன்ன பிறகே.