45-ஆம் நாள் ஊசியைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: தலைப்பிரசவத்துக்குத் தேவகோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். மகனுக்கு அடுத்த வாரம் 45 நாள். ஒரே நாளில் மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து என்கிறார் நர்சம்மா. 82 வயது அப்பத்தாவோ, "பச்சப்புள்ள தாங்குமா? ஆறு மாசம் போகட்டும், உடம்பு தேறட்டும்" என்று தடுக்கிறார். கணவர் சிங்கப்பூரில். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாமே, தேவகோட்டை

பதில்: முதலில் அப்பத்தாவின் கையைப் பாருங்கள். அநேகமாக ஒரு வட்டத் தழும்பு இருக்கும். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு அது. அப்படி ஊர் ஊராகக் குத்தியதால்தான் பெரியம்மை 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அப்புறம், கக்குவான் இருமல் வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தக் காலத்து மனுஷி, மறந்திருக்க மாட்டார்.

"தேறட்டும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கக்குவான் அதுவரை காத்திருக்காது. பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் இருமல். இரண்டு மாதப் பிள்ளைக்கோ சில சமயம் இருமலே வராது. மூச்சு நின்று உடம்பு நீலம் பாரித்துவிடும். இந்த நோயில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் சில மாதங்களைத் தாண்டாதவை. அப்பத்தா தள்ளிப்போடச் சொல்கிற அதே மாதங்கள்.

தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. மாசமாக இருக்கும்போது உங்களுக்குப் போட்ட டிடி ஊசி, பிறந்த பிள்ளையை ரணஜன்னியிலிருந்து காத்தது இப்படித்தான். ஆனால் இந்தச் சீதனம் எல்லா நோய்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. தட்டம்மைக்குச் சில மாதம் தாங்கும். அது இருக்கும்போதே தடுப்பூசி போட்டால் சரியாகப் பிடிக்காது என்பதால் அதை 9 மாதம் முடிந்து போடுகிறார்கள். கக்குவானுக்கு வருவது கொஞ்சம், அதுவும் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் ஆறாவது வாரமே ஆரம்பிக்கிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை பி ஊசி போடுவதற்கும் கணக்கு உண்டு. அந்தக் கிருமி பிறக்கும்போதே தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு ஈரலில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களில் அப்படித் தங்குவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு.

அடுத்த வாரம் போடப்போகும் பென்டா ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி ஐந்துக்கும் சேர்த்து ஒரே குத்து. மற்ற இரண்டு ஊசிகள் நிமோனியாவுக்கும் போலியோவுக்கும். சொட்டு மருந்தில் ஒன்று போலியோவுக்கு, இன்னொன்று ரோட்டா வயிற்றுப்போக்குக்கு. பென்டா முதல் தவணை உடம்புக்குக் கிருமியை அடையாளம் காட்டுவதோடு சரி. பாதுகாப்பு உறுதியாவது 10, 14-ஆவது வாரத் தவணைகளில். இத்தனையும் தாங்குமா என்றால், தாங்கும். பிறந்த நிமிஷத்திலிருந்து அந்தச் சின்ன உடம்பு இதைவிடப் பல மடங்கு கிருமிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவதே எவ்வளவோ! இருமுகிறவர்கள் முகப்போடு நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஊசி போட்ட இடம் தடிக்கும், ஓரிரு நாள் காய்ச்சல் அடிக்கும். பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு என்பதை எடை பார்த்து நர்சம்மாவே சொல்வார். அந்த இடத்தைத் தேய்க்கவோ மஞ்சள் பத்துப் போடவோ வேண்டாம். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதால், வலிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சாதாரண சளிக்காக ஊசியைத் தள்ள வேண்டியதில்லை. கடும் காய்ச்சல் என்றால் மட்டும் கேட்டுக்கொண்டு தள்ளிப்போடலாம்.

புதன்கிழமை ஊசி போடப் போகும்போது அப்பத்தாவையும் கூட்டிப்போங்கள். போட்டு முடித்து அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். பால் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கலாம். பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டாமா?