படத்தில் கேட்ட பின்னணி இசை ஆல்பத்தில் ஏன் வேறாக ஒலிக்கிறது?

படத்தில் கேட்டு மயங்கிய இசை ஆல்பத்தில் இல்லை, அப்படியே இருந்தாலும் வேறு மாதிரி ஒலிக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆல்பங்களில் முக்கியக் காரணம் இடம்தான். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம்தான் நல்ல ஒலியோடு அடங்கும். அதனால் 40 நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து, காட்சி வரிசையைக் கலைத்து, கேட்க இதமாக அடுக்கினார்கள்.

சில சமயம் ஆல்பத்துக்காகவே மறுபடி வாசித்தும் பதிந்தார்கள். ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த சுறாப் படமான 'ஜாஸ்' (Jaws) அப்படித்தான். 1975இல் வந்த தட்டு புதிதாக வாசித்தது. படத்தில் ஒலித்த பதிவு 2000இல்தான் குறுவட்டாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுரத் தந்தி வாத்தியங்களில் வரும் அந்த இரண்டே சுரங்கள் படப்பதிவில் காட்சிக்குக் கட்டுப்பட்டு நகரும். தட்டிலோ கச்சேரி உருப்படி போல நிதானமாக வளரும்.

எனக்கு அந்தச் சின்னத் தொகுப்புகள் மேல் தனிப் பிரியம் உண்டு. முழுமையான பதிப்பில் அரை நிமிடத் துணுக்குகளும் வரும். படத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கு அது பொக்கிஷம், மற்றவருக்கு அலுப்பு. முதலில் சின்னதைக் கேளுங்கள், பிடித்துப்போனால் அப்புறம் பெரியது.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? பின்னட்டையில் பெரும்பாலும் மொத்த நேரமும் பதிவான ஆண்டும் இருக்கும். படம் வந்து பல வருடம் கழித்து, வேறொரு இசைக்குழு வாசித்ததாக இருந்தால் அது மறுபதிவு. சிறப்புப் பதிப்புகள் பல சில ஆயிரம் பிரதிகளோடு நின்றுவிடும் என்பதால் அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.